7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இளநிலை மருத்துவப் படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் அளிக்கும் ஏற்பாடு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டிலும் தகுதி பெற்றவர்கள் இதற்கு உரியவர்கள்.

முன்வரலாறு

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி ஆணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் பதினான்கு பதினான்காகச் சமூகங்களுக்குப் பங்கிடப்பட்டன. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு வந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்து இட ஒதுக்கீட்டைக் காத்தது. 1990இல் மாநிலத்தின் மொத்த ஒதுக்கீடு 69 விழுக்காட்டை எட்டியது. ஆனால் இவை சமூகத்தைக் கணக்கில் கொண்டன; பள்ளி வேறுபாட்டை அல்ல.

நாமக்கல் வட்டாரம்

2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. நாமக்கல் மாவட்டத்து விடுதிப் பள்ளிகளைத் தேடி மாநிலம் முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். 11ஆம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் 12ஆம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் பரவியது. அதைத் தடுக்கவே 2017–18இல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு வந்தது. 2017இல் நீட் கட்டாயமானபின் பயிற்சி மையச் செலவும் சேர்ந்துகொண்டது. ஜேடர்பாளையம் போன்ற காவிரிக்கரை ஊர்களில் ஒரே சமூகத்தில் பிறந்தாலும், கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளையும் அரசுப் பள்ளியை நம்பிய கூலி வீட்டுப் பிள்ளையும் சமமாகப் போட்டியிட முடியவில்லை. மாநிலம் முழுவதும் மருத்துவம் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே இருந்தனர்.

சட்டமும் வழக்கும்

இந்த ஏற்றத்தாழ்வை ஆராய அரசு அமைத்த நீதிபதி கலையரசன் குழு 10 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் அரசு 7.5 என முடிவுசெய்து, 2020 செப்டம்பரில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஒப்புதல் தாமதமாகவே, அக்டோபர் 29 அன்று அரசாணை வெளியானது. மறுநாள் ஒப்புதலும் கிடைத்தது. முதல் ஆண்டிலேயே நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் இதன்கீழ் வந்தன. தனியார் கல்லூரியில் இடம் பெற்றவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இம்முறை விரிந்தது. மருத்துவ ஒதுக்கீட்டை எதிர்த்த வழக்கில், 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

மதிப்பீடு

இது சமூகவாரி ஒதுக்கீட்டுக்கு மாற்று அன்று; இந்த 7.5 விழுக்காட்டு இடங்களும் 69 விழுக்காட்டு முறைப்படியே பகிரப்படுகின்றன. சாதியால் விளைந்த தடையோடு பள்ளியால் விளையும் தடையையும் சட்டம் கணக்கில் எடுத்ததே இதன் சிறப்பு. ஆனால் அரசுப் பள்ளி வகுப்பறையைச் செம்மைப்படுத்தும் பொறுப்பிலிருந்து எந்த ஒதுக்கீடும் அரசை விடுவிக்காது.