தேக்கு யாருக்குச் சொந்தம்?

உத்தரகோசமங்கைக்குச் செல்வோர் வழிநெடுகக் காண்பது பனையும் கருவேலமுமே. கோயிலுக்குள்ளே தலமரமென ஓர் இலந்தை நிற்கிறது. அதனை வலம் வருவோர் ஆயிரம் பேர். காடில்லாத இராமநாதபுரச் சீமையில் மாளிகைத் தூணுக்கும் கதவுக்கும் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்போர் எத்துணைப் பேர்? அந்தக் கேள்வியை நாம் கேட்போம்.

கடல்வழி வந்தது என்பதே விடை. டச்சுக்காரர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் தமிழகக் கரைக்கு வந்து விலையாயிற்று. பின்னர் வந்தது பர்மாத் தேக்கு. அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த காரைக்குடி, கானாடுகாத்தான் மாளிகைகளில் அது இன்றும் தூணாக நிற்கிறது. பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் செல்வம், இவ்வாறு மரமாகவும் ஊர் திரும்பியது.

அந்தத் தூணின் பின்னே எத்தனை உழைப்பு! பச்சைத் தேக்கு நீரில் மூழ்கிவிடும். ஆகவே மரத்தின் பட்டையை வளையமாக வெட்டி, நின்றபடியே ஈராண்டு மூவாண்டு உலரவிட்டனர். பிறகு வெட்டி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, தெப்பமாகக் கட்டி ஐராவதியில் மிதக்கவிட்டு இரங்கூன் அறுவை ஆலைகளுக்குச் சேர்த்தனர்.

இலாபம் எவருக்கு? 'தேக்கு' என்ற சொல் தமிழும் மலையாளமும் உலகுக்கு ஈந்தது. ஆங்கிலேயன் சொல்லும் 'டீக்' அதன் திரிபே. சொல்லைக் கொண்டவன் மரத்தையும் கொண்டான். மலபார்த் தேக்கால் 1817இல் பம்பாயில் கட்டிய 'திரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. மலபார்க் காடு தேயவே, 1840களில் கானலி என்ற கலெக்டர் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் நடச்செய்தார். ஆனால் தோட்டம் வளரக் காலம் வேண்டும், வணிகன் பொறுப்பானா? பர்மாவின் பக்கம் திரும்பினான். கணக்கில் காட்டியதைவிட மிகுதியாக மரம் கொண்டுசென்றதாக 1885இல் பர்மிய அரசு பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு அபராதம் விதித்தது. அதையே சாக்காக்கிப் படை வந்தது. மாண்டலே வீழ்ந்தது, மன்னன் தீபா நாடுகடத்தப்பட்டான், 1886 சனவரி முதல் நாள் பர்மா ஆங்கிலப் பேரரசோடு இணைக்கப்பட்டது!

பிற்காலத்தில் ஆசிய நாடுகள் செய்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தோனேசியா 1985இல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடுத்து, ஒட்டுப்பலகையாக்கி விற்று, அத்துறையில் உலகின் முன்னணிக்கு வந்தது. ஆனால் ஆலைகளின் ஆதாயம் சிலர் கையில் குவிந்தது, காடும் சுருங்கியது. தாய்லாந்து 1989இல் தன் காட்டில் மரம் வெட்டுவதைத் தடுத்தது. ஆயின் அண்டை நாட்டுக் காடுகளை நாடிற்று. இந்தியாவில் 1996இல் உச்சநீதிமன்றம் காடு வெட்டுதலுக்குக் கடிவாளமிட்டது. பிறநாட்டு மரத்தின் இறக்குமதி பெருகிற்று. பர்மா 2014இல்தான் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. 2021இல் படையினர் ஆட்சியைப் பறித்ததும், அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின்மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன.

தோழர்களே! மரத்தை மரமாகவே விற்கும் நாடு, அறுப்பவனுக்கும் இழைப்பவனுக்கும் உரிய கூலியைக் கடலுக்கு அப்பால் அனுப்புகிறது. பலகையாக்கி விற்கும் நாடு அக்கூலியைத் தன்னிடம் நிறுத்துகிறது. எனினும், ஆலை ஒருசிலர் கையிலிருந்தால், எந்தக் கொடி பறந்தாலும் தொழிலாளிக்கு மிஞ்சுவது மரத்தூளே. தன் காட்டைக் காக்க அயலான் காட்டை அழிப்பதும் நீதியாகாது.

ஆகவே தேக்குத் தூணைக் கண்டால் வியப்போடு நின்றுவிடாதீர்கள். எந்தக் காட்டு மரம், எவர் அறுத்தது, எவர் ஆதாயம் கொண்டது என்று கேளுங்கள். அந்தக் கணக்கு தெரிந்தால்தான் நாளைய வணிகத்துக்கு நேர்மையான விதி வகுக்க இயலும்.