ஈரற் புற்றும் நொதிய அளவீடும்: ஒரு வரலாற்று நோக்கு

பூனாகலை போன்ற மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து மஞ்சட்காமாலையுடன் பதுளை மருத்துவமனையை நாடும் ஒருவரின் குருதியில் அளக்கப்படுவனவற்றுள் அல்கலைன் பொசுபற்றேசு என்னும் நொதியமும் ஒன்றாகும். அதன் அளவு மிகுந்திருப்பின் பித்தநீர்க் குழாய் அடைபட்டுளதோ, ஈரலிற் கட்டி வளர்ந்துளதோ என மருத்துவர் ஐயுறுவர். கண்ணுக்குப் புலனாகாத நொதியத்தின் தொழிற்பாட்டை எண்ணாக மாற்றும் இவ்வாற்றல் ஒரே நாளிற் கைவந்ததன்று. அதன் வரலாற்றிழைகளுள் ஒன்று சென்னையிலிருந்து புறப்படுகின்றது.

எல்லாப்பிரகட சுப்பராவ் 1895ஆம் ஆண்டில் ஆந்திரத்துப் பீமவரத்திற் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற காலத்தில், காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவைக் கூடத்திலும் கதராடை அணிந்தார். அதனாற் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். தகைமையே பெற்றார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிற் சிலகாலம் கற்பித்தபின், 1922இல் அமெரிக்கா சென்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அங்கு சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து 1925இல் அவர் வெளியிட்ட முறை எளிமையானது. பொசுபேற்று மொலிப்டிக் அமிலத்துடன் சேர்ந்து உண்டாகும் சேர்வையைத் தாழ்த்தினால் நீல நிறம் தோன்றும். நீலத்தின் செறிவே பொசுபேற்றின் அளவைக் காட்டும். பொசுபற்றேசு நொதியங்களோ சேர்வைகளிலிருந்து பொசுபேற்றை விடுவிப்பவை. ஆதலின், குறித்த நேரத்துள் விடுபட்ட பொசுபேற்றை அளப்பின் நொதியத்தின் தொழிற்பாடு வெளிப்படும். ஃபிஸ்க்–சுப்பராவ் முறை எனப் பெயர்பெற்ற இது, உலகெங்கும் உயிரிரசாயன ஆய்வுகூடங்களிற் பரவியது.

புற்றுநோய் ஆய்வாளர் ஈரலைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. எண்ணற்ற நொதியங்களின் இருப்பிடம் அது. மேலும், 1930களில் யப்பானிய அறிஞர் சில அசோ சாயங்களை உணவிற் கலந்து ஊட்டி எலிகளின் ஈரலிற் புற்றைத் தோற்றுவித்தனர். இதனால், நலமுற்ற ஈரலையும் அதிலிருந்து பிறந்த கட்டியையும் அருகருகே வைத்து ஒப்பிட இயன்றது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைன் இவ்வொப்பீட்டை விரிவாக நிகழ்த்தினார். ஈரற் கட்டியில் ஆர்ஜினேசு, கற்றலேசு ஆகியவை குன்றின. அல்கலைன் பொசுபற்றேசு ஓங்கியது. எவ்விழையத்திற் பிறந்தாலும் கட்டிகள் தம்முள் ஒத்த நொதிய அமைப்பை நோக்கிச் செல்கின்றன என்பது, 1947இல் வெளிவந்த அவரது நூலின் முடிபு.

1955இல் வெபரும் கன்ரெரோவும் மற்றொரு செய்தியை வெளியிட்டனர். ஈரல் குருதிக்குக் குளுக்கோசை வழங்கத் துணைபுரியும் குளுக்கோசு-6-பொசுபற்றேசு, விரைந்து வளரும் ஈரற் கட்டியில் ஏறக்குறைய இல்லாதொழிந்திருந்தது. இத்தகைய இழப்பே புற்றுக்குக் காரணமோ என்னும் வினா இயல்பாகவே எழுந்தது.

விடை மற்றொரு வகைக் கட்டிகளிலிருந்து வந்தது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹரோல்ட் மொரிஸ் உருவாக்கிய ஈரற் கட்டிகள் மெல்ல வளர்பவை. அவற்றுட் சில, குளுக்கோசு-6-பொசுபற்றேசு உட்பட ஈரலின் பல நொதியங்களை இழக்கவில்லை; எனினும் அவை புற்றே. எனவே, முன்னர் கண்ட இழப்புகளுட் பல புற்றின் மூலகாரணம் அல்ல, அதன் விரைவின் விளைவு என்பது தெளிவாயிற்று. வளர்ச்சி விரைவுக்கு ஏற்பக் கூடிக் குறைபவை, எல்லாக் கட்டிகளிலும் ஒரே திசையில் மாறுபவை, விரைவோடு தொடர்பற்றவை என வெபர் பின்னர் மாற்றங்களை மூவகையாகப் பகுத்தார். காரணத்தையும் உடனிகழ்ச்சியையும் பிரித்தறிய வழிகாட்டியது கற்பனையன்று, அளவீடே.

சுப்பராவின் பங்கு அளவீட்டுடன் முடியவில்லை. ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாத அவர், 1940இல் லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அவரது குழுவினர் போலிக்கமிலத்தையும் அதன் செயலை எதிர்க்கும் சேர்வைகளையும் ஆக்கினர். அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினாற் குருதிப் புற்றுற்ற குழந்தைகள் சிலர் தற்காலிகமாகத் தேறியதை 1948இல் சிட்னி ஃபார்பர் அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சுப்பராவ் காலமானார். இவ்வினத்து மெதோட்ரெக்சேற்று, டைஹைட்ரோபோலேற்று ரிடக்டேசு என்னும் நொதியத்தைத் தடுத்தே செயற்படுகின்றது என்பது 1950களில் விளங்கியது. அம்மருந்தை எதிர்த்துத் தாங்கும் கலங்கள் சில, அந்நொதியத்திற்குரிய மரபணுவையே பன்மடங்காக்கி நொதியத்தைப் பெருக்குகின்றன என்பதை 1978இல் ஷிம்கேயின் குழுவினர் காட்டினர்.

ஆகவே கட்டிகளின் நொதிய மாற்றம் சிலவிடத்து அறிகுறி. சிலவிடத்து வளர்ச்சியின் விளைவு. சிலவிடத்து மருந்தை வெல்லும் படைக்கலம். எது எவ்விடத்து எனத் துணிய, இன்றும் முதலில் அளக்கவே வேண்டும். விரைவான புதிய முறைகள் பல வந்துவிட்ட இந்நாளிலும், கதராடைக்காகப் பட்டம் குறைக்கப்பட்ட மாணவர் ஒருவர் அப்பணிக்கு அளித்த பங்கு மறக்கற்பாலதன்று.