வீழ்ந்தோர்க்குரிய தீர்ப்பு: கார்த்தேஜ் திருச்சபை வரலாற்றில் ஓர் அத்தியாயம்

பிறரைத் தீர்ப்பிடலாகாது என்பது இயேசு மலைப்பொழிவிலே அளித்த போதனை. ஆயினும், ஒரு சமூகமாகக் கூடி வாழ்வோர் தம்மிடையே தவறியோர் குறித்து ஏதேனுமொரு முடிவுக்கு வந்தேயாதல் வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது எவ்வாறு என்னும் வினா, கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் திருச்சபையை உலுக்கிற்று.

உரோமப் பேரரசன் தேசியுஸ், குடிகள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிடல் வேண்டுமெனக் கட்டளை பிறப்பித்தான். 250இல் அது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. பலியிட்டோருக்கு அதிகாரிகள் சான்றுப் பத்திரம் வழங்கினர். எகிப்தியப் பப்பைரசு ஏடுகளிடையே இத்தகைய பத்திரங்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. மறுத்தோரைச் சிறையும் சித்திரவதையும் எதிர்நோக்கின. கார்த்தேஜ் கிறித்தவருட் பெருந்தொகையினர் பணிந்து பலியிட்டனர். வேறு சிலர் பலியிடாமலே, கையூட்டுக் கொடுத்துப் பத்திரம் பெற்றுக்கொண்டனர்.

கலாபனை தணிந்ததும் இவர்கள் திருச்சபைக்கு மீள விழைந்தனர். சிறையில் உறுதியோடிருந்த விசுவாசிகள் சிலர், இன்னாரையும் அவரைச் சார்ந்தோரையும் ஏற்றுக்கொள்க எனத் தொகையாக மன்னிப்புக் கடிதங்கள் எழுதினர். உரோமையிலோ நொவாசியான் என்னும் குரு, வீழ்ந்தோரை மன்னிக்கும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லையென வாதிட்டு, 251இல் ஆயர் கொர்னேலியுஸுக்கு எதிராகத் தானும் ஆயரானார். இருசாராரின் முடிவுகளும் முற்றிலும் முரண்பட்டவை. எனினும் தனிமனிதன் செய்தது யாது, ஏன் செய்தான் என்று விசாரிக்க இருசாராரும் முனையவில்லை என்பதில் அவை ஒன்றே.

கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் வேறொரு வழியை நாடினார். கலாபனைக் காலத்தில் மறைந்திருந்தமையால், கோழையெனப் பிறர் கூறிய பழிக்கு அவரும் ஆளாகியிருந்தார். வலிந்து ஓடிச்சென்று பலியிட்டவனையும் நெடுநேரம் போராடிப் பணிந்தவனையும் ஒன்றாக எண்ணலாகாது என்றார். தன் குடும்பத்தவரையெல்லாம் பலிபீடத்துக்கு இழுத்துச் சென்றவன் ஒருவன்; மனைவி மக்களைக் காப்பதற்காகத் தான் மட்டும் சென்று பலியிட்டவன் இன்னொருவன். இவ்விருவர்க்கும் ஒரே தீர்ப்பு நீதியாகுமோ?

251இல் கூடிய ஆபிரிக்க ஆயர் மன்றம் இந்நெறியையே மேற்கொண்டது. பத்திரம் மட்டும் பெற்றோர் தனித்தனியே விசாரிக்கப்பட்டு ஏற்கப்படலாம். பலியிட்டோர் நீண்ட தவம் புரிதல் வேண்டும். மரணத் தறுவாயில் அவர்களுக்கு நல்லிணக்கம் மறுக்கப்படலாகாது என முடிவாயிற்று. பின்னர் கால்லுஸ் பேரரசன் (251–253) காலத்தில் புதிய கலாபனை நெருங்குவதாகத் தோன்றியபோது, தவத்தில் நிலைத்திருந்தோர் அனைவரையும் ஆயர்கள் ஏற்றுக்கொண்டனர். போருக்குச் செல்லவேண்டியவர்களை ஆயுதமின்றி அனுப்பலாகாது என்பது அவர்கள் கூறிய நியாயம். 258 செப்டெம்பர் 14இல் சிப்பிரியானும் வேதசாட்சியாகத் தலை வெட்டுண்டு இறந்தார்.

நொவாசியானைப் பின்பற்றியோர் தம்மைத் தூயோர் என அழைத்துக்கொண்டு தனிச்சபையாக வாழ்ந்தனர். அவர்களுள் மீண்டுவரும் குருக்கள், கலாபனையில் வீழ்ந்து தவஞ்செய்தோருடன் உறவு பூணுவதாக எழுத்தில் உறுதியளித்தல் வேண்டுமென 325இல் நிசேயாப் பொதுச்சங்கம் விதித்தது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. இரக்கம் என்பது குற்றத்தைக் காணாதிருத்தலன்று. நீதி என்பது குற்றத்தை மட்டுமே காண்டலுமன்று. ஒருவன் எந்நெருக்கடியில், எத்துணைப் போராட்டத்தின் பின் தவறினான் என்பதைப் பொறுமையுடன் ஆராய்வோரிடத்தே நீதியும் இரக்கமும் ஒருங்கே பிறக்கின்றன.