மூன்று பந்துகளின் பூர்வீகம்

போன வருஷம் அப்பாவுக்கு வலது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். நாக்பூரிலிருந்து லீவு போட்டுக்கொண்டு திருச்சிக்கு ஓடினேன். ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து, மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, "இழுங்க ஐயா, பந்து மேல போகணும்" என்றார். (ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். கோவிட் சமயத்தில் எத்தனை பேர் ஊதிக்கொண்டிருந்தார்கள்!) அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வலி உயிர் போகுது, இந்த வயசுல பந்து விளையாடச் சொல்றாங்கடா" என்று என்னிடம் புலம்பல். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்புறம்தான் இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். நான் பி.காம். ஆள், வைத்தியம் சொல்லவில்லை. சரித்திரம் மட்டும்.

லண்டன் டாக்டர் வில்லியம் பாஸ்டர் (வெறிநாய்க்கடி ஊசி பாஸ்டர் வேறு) 1910ல், வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் சுருங்கிப்போவதைப் பற்றி எழுதினார். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறோம், இருமலை அடக்குகிறோம். சளி தங்குகிறது, நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் ஒட்டிக்கொள்கிறது. பிறகு நிமோனியா. வெட்டிய இடம் ஆறினாலும் ஆள் போய்விடலாம்.

அடுத்து வந்தது முதல் உலகப்போர். மார்பில் குண்டும் சிதறலும் பாய்ந்து வந்த சிப்பாய்களுக்கு ரத்தத்தையும் சீழையும் வடித்த பிறகும் நுரையீரல் விரியாமல் கிடக்கும், அந்தப் பக்கம் நெஞ்சே அமுங்கிப்போகும். அவர்களுக்கான மூச்சுப் பயிற்சிகளை 1915ல் லான்செட் பத்திரிகையில் எழுதியவர் கார்ட்லண்ட் மக்மஹோன். லண்டன் செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியில் அவருக்கு என்ன வேலை தெரியுமா? பேச்சுக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயிற்சி தருவது! பேச வைக்க மூச்சைப் பழக்கியவருக்கு, நுரையீரலை விரிய வைக்கவும் அதே மூச்சு கை கொடுத்தது. கத்தி பிடித்த பெரிய சர்ஜன்கள் அத்தனை பேர் இருந்தும் இது இவர் கையிலிருந்து வந்ததுதான் எனக்கு வியப்பு.

1934ல் லண்டன் பிராம்ப்டன் ஆஸ்பத்திரியில் வினிஃப்ரெட் லிண்டன் என்ற பெண்மணி, விலாவில் கை வைத்து "இந்த இடத்துக்கு மூச்சை அனுப்பு" என்கிற மாதிரிப் பயிற்சியை நுரையீரல் ஆபரேஷன் நோயாளிகளுக்குக் கொண்டுவந்தார். ஒரு நுரையீரலை முழுசாக எடுத்தும் ஆள் பிழைப்பார் என்று அமெரிக்காவில் எவார்ட்ஸ் கிரஹாம் காட்டியது அதற்கு முந்தின வருஷம்தான்.

பந்து டப்பாவின் யோசனை 1970களில் அமெரிக்காவில் பார்ட்லெட் குழுவினரிடமிருந்து வந்தது. அடிப்படை என்ன? கொட்டாவி! நாம் அவ்வப்போது தன்னை அறியாமல் இழுக்கும் அந்த ஆழ்ந்த மூச்சை, ஆபரேஷன் ஆனவர் வேண்டுமென்றே இழுத்து, கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும். பந்து, கண்ணுக்குத் தெரிகிற கணக்கு, அவ்வளவே. டப்பா தனியாகப் பெரிதாகச் சாதிக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. எழுந்து நடப்பது, இருமுவது, பக்கத்தில் ஒருவர் விடாமல் சொல்வது, இவையும் சேர வேண்டும்.

கொட்டாவிக் கதையை அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்தது. தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன், சளி வந்தது. மறுநாள் இரண்டு பந்து ஏறியது.

லீவு முடிந்து நாக்பூர் திரும்பிவிட்டேன். அப்புறம் பல நாள் ராத்திரி ஒன்பது மணி போனில் முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனை பந்துப்பா?"