கடாரத்தின் கைவிட்டுப் போன தீவு

கடாரம் என்னும் பெயர் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற நாடுகளுள் அதுவும் ஒன்று எனத் தஞ்சைக் கல்வெட்டு கூறும். அப்பெருமையை நாம் மேடைதோறும் பேசி மகிழ்கிறோம். ஆயினும், நம் முன்னோருள் பெரும்பாலோர் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களை வந்தடைந்த வழி சோழன் வந்த வழியன்று. பினாங்குத் துறைமுகத்தின் வழியே ஆகும். அத்துறைமுகம் கடாரத்தின் கையைவிட்டு எங்ஙனம் போயிற்று என்பதை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

பதினெட்டாம் நூற்றாண்டில் கெடா வளம் மிக்க நாடாக விளங்கியது. நெல்லும் ஈயமும் மிளகும் தேடிச் சோழமண்டலக் கரையிலிருந்து சூலியா வணிகர் அங்கு வந்து சென்றனர். வளம் இருந்த அளவுக்கு அச்சமும் இருந்தது. வடக்கே சயாம், தெற்கே சிலாங்கூரிலிருந்து படையெடுத்த பூகிஸ் வீரர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சுல்தான் முகம்மது ஜிவா, 1771இல் ஆங்கிலேயரின் துணையை நாடினார். சென்னை வணிக நிறுவனமொன்றின் முகவராக அப்போது கெடாவில் இருந்தவரே பிரான்சிஸ் லைட். 1772இல் சென்னையிலிருந்து மாங்க்டன் என்பவர் தூது வந்தார். சுல்தான் வேண்டியது படைத்துணை; கம்பெனி வேண்டியது வணிகத் தளம். பேச்சு முறிந்தது.

அடுத்து ஆட்சிக்கு வந்த சுல்தான் அப்துல்லாவும் அதே துணையைத்தான் கேட்டார். பினாங்குத் தீவைத் தருவதாயின், பகைவர் தாக்கும்போது கம்பெனி உதவவேண்டும். வணிக இழப்புக்கு ஈடாக ஆண்டுதோறும் 30,000 ஸ்பானிய வெள்ளி தரவேண்டும் என்பன அவர் விதித்தவற்றுள் தலையாயவை. கல்கத்தாவில் இருந்த கம்பெனி ஆட்சியினர் தீவை ஏற்றனர். படைத்துணை குறித்துத் தெளிவான மறுமொழி தரவில்லை. லைட்டோ காத்திருக்கவில்லை. 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் தீவில் ஆங்கிலக் கொடி ஏற்றப்பட்டது. இருதரப்பும் கையொப்பமிட்ட முடிவான உடன்படிக்கை எதுவும் அன்று இல்லை. நம்பிக்கையே பத்திரமாயிற்று.

பின்னர்ப் படையுதவி அறவே மறுக்கப்பட்டது. ஏமாற்றம் அடைந்த சுல்தான் தீவை மீட்க எண்ணிப் பிறையில் படை திரட்டினார். 1791இல் லைட்டின் படை முந்திக்கொண்டு தாக்கி அதனைச் சிதறடித்தது. தோற்றவர் கையொப்பமிட்ட உடன்படிக்கையில் ஆண்டுக்கு 6,000 வெள்ளி என்று எழுதப்பட்டது. பாதுகாப்பு என்பது எழுதப்படவில்லை. 1800இல் தீவுக்கு எதிரே இருந்த கரைநிலமும் கம்பெனிக்குப் போயிற்று. அதுவே இன்றைய செபராங் பிறை. ஆண்டுத்தொகை 10,000 வெள்ளியாக உயர்ந்தது.

இம்முறை பின்னர்ச் சீனத்திலும் காணப்பட்டது. 1842இல் ஹாங்காங் தீவு. 1860இல் அதன் எதிரே கவுலூன் கரை. 1898இல் அதற்கும் அப்பால் உள்ள நிலப்பரப்பு. முதலில் கப்பல் தங்க ஒரு தீவு, பின்னர் அத்தீவைக் காக்க ஒரு கரை என்பதே வல்லரசுகளின் நடைமுறை எனலாம். சீனத்தில் அதனைப் போரின் வெற்றியால் பெற்றனர். கெடாவில் முதலடியை நட்பின் பெயரால் வைத்தனர். வேறுபாடு அவ்வளவே.

அஞ்சியது 1821இல் நேர்ந்தது. சயாம் படை கெடாவைக் கைப்பற்றியது. அப்துல்லாவின் மகனான சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்கு ஓடி அடைக்கலம் புகுந்தார். ஆனால் 1826இல் ஆங்கிலேயர் சயாமோடு செய்த பர்னி உடன்படிக்கை, கெடாவில் சயாம் ஆட்சியை ஒப்புக்கொண்டதோடு, சுல்தான் பினாங்கிலோ பிறையிலோ தங்கலாகாது என்றும் விதித்தது. ஈற்றில் அவர் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். தந்தை கொடுத்த தீவில் மகனுக்குத் தங்க இடமில்லை! வரலாற்றில் இதனினும் கொடிய நகைப்பு வேறு உண்டோ? 1842இல்தான் அவர் நாடு திரும்பினார்; அதுவும் சயாமின் மேலாண்மையை ஏற்று, குறைந்த எல்லையோடு.

1909இல் சயாம் கெடாவின் மீதிருந்த உரிமையை ஆங்கிலேயரிடம் மாற்றிக்கொடுத்தது. அதன்பின் சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பினாங்கில் கரையிறங்கி அத்தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்களும் வாய்ச்சொல்லை நம்பி வந்தவர்களே. கங்காணி சொன்னது ஒன்று; தோட்டத்தில் கண்டது வேறு. அரண்மனையில் இருந்தவர்க்கும் லயத்தில் வாழ்ந்தவர்க்கும் இவ்வகையில் ஒரே பட்டறிவு நேர்ந்தது.

பினாங்குக்காகக் கெடாவுக்குச் செலுத்தும் ஆண்டுத்தொகை நாடு விடுதலை பெற்ற பின்னரும் நின்றுவிடவில்லை. மலேசியக் கூட்டரசு அதனைத் தொடர்ந்து செலுத்தி வந்துள்ளது. எழுத்தில் இருந்தது இத்துணைக் காலம் நிலைத்தது. எழுத்தில் இல்லாத வாக்குறுதியோ ஐந்தாண்டும் நிற்கவில்லை. ஆதலின், கடாரம் வென்ற கதையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கடாரம் இழந்த கதையையும் உடன் கற்பித்தல் வேண்டும். வென்ற கதை பெருமை தரும்; இழந்த கதையே விழிப்பைத் தரும்.