கறவை மாட்டுக்கு ஒரு சோப்பு

கெமிக்கல் என்ஜினியரிங் படித்துவிட்டு மாட்டுத் தீவன ஆலையில் உனக்கு என்னப்பா வேலை என்று வகுப்புத் தோழர்கள் கேலி செய்வதுண்டு. நாங்கள் அங்கே செய்வது சோப்பு என்றால் நம்ப மாட்டார்கள். அந்தக் கதையை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன்.

கன்று ஈன்ற புதிதில் நல்ல கறவை மாடு, தீவனத்தில் கிடைக்கும் சக்தியைவிட அதிகமாகப் பாலில் இழக்கிறது. வயிறு கொள்ளுமட்டும் தின்றாலும் போதாது. உடம்புக் கொழுப்பு கரைந்து எலும்பு தெரியும். மறுபடி சினைக்கு வருவதும் தள்ளிப்போகும். மாவுச்சத்தைப் போல இரண்டேகால் மடங்கு சக்தி கொழுப்பில் இருக்கிறதே, எண்ணெயை ஊற்றினால் என்ன? ஊற்றிப் பார்த்தார்கள். முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களை எண்ணெய் முடக்கிவிட்டது. தீவனத்தில் மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் வம்புதான்.

1970 வாக்கில் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள், எண்ணெய்த் துளிகளைப் பால் புரதமான கேசீனில் பொதிந்து ஃபார்மால்டிஹைடால் இறுக்கினார்கள். கெட்டிக்கார வேலை. ஆனால் பிணம் கெடாமலிருக்கப் போடும் சரக்கைத் தீவனத்தில் சேர்க்க எத்தனை பேர் துணிவார்கள்?

அமெரிக்காவில் ஒஹாயோ மாநில வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் டொனால்ட் பாம்க்விஸ்ட், தாமஸ் ஜென்கின்ஸ் இருவரும் வேறு வழி பிடித்தார்கள். உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்காமல் திப்பி திப்பியாக மிதக்குமே, அந்தக் கால்சியம் சோப்புதான்! கரையவில்லையே என்று துவைக்கிறவர் திட்டும் குணம் இங்கே உதவிற்று. முதல் இரைப்பையில் பி.எச். 6-க்கு மேல் இருப்பதால் சோப்பு பெரும்பாலும் கரையாமல் கடந்துவிடும். நான்காம் இரைப்பையின் கடும் அமிலத்தில் கால்சியம் கழன்றுகொள்ள, கொழுப்பு அமிலம் சிறுகுடலில் உறிஞ்சப்படும். 1984-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது, 1987-ல் காப்புரிமை. அமெரிக்கச் சந்தையில் அதை மெகாலாக் என்ற பெயரில் விற்றது, சமையல் சோடாவுக்குப் பேர்போன சர்ச் அண்ட் டுவைட் கம்பெனி.

செய்முறையில்தான் எனக்கு ஆசை. பாமாயில் சுத்திகரிப்பில் ஒதுங்கும் கொழுப்பு அமிலத்தை உருக்கி, சுட்ட சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு நீறும் சூட்டிலேயே ஈரம் ஆவியாகப் போய்விடும்; தனியாக உலர்த்தும் செலவு மிச்சம். கலவை பொங்கி, இறுகி, பொலபொலவென்று உதிரும். சுண்ணாம்பு குறைந்தால் மட்டும் கொழுப்பு அமிலம் சேராமல் நின்றுவிடும். அப்புறம் பழையபடி எண்ணெய் ஊற்றின கதைதான்.

மாட்டுக்கு இதன் ருசி பிடிக்காது. நிறையக் கறக்கும் மாட்டுக்கு நாளொன்றுக்கு அரை கிலோ வரை தரலாம் என்றாலும், முதல் நாளே கொட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கலப்புத் தீவனத்தோடு ஒரு கைப்பிடியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.