அதிகாரி முன் சொன்ன சொல்

கி.பி. 19-ஆம் ஆண்டு. ரோமில் விஸ்டீலியா என்ற பெண் ஏடைல் எனப்படும் நகர அதிகாரிகளிடம் போய், தான் விலைமகள் என்று பதிந்துகொண்டாள். பெரிய இடத்துப் பெண், கணவனும் இருக்கிறான். கள்ள உறவு வைத்தால் மணமான பெண்ணைச் சட்டம் தண்டிக்கும். விலைமகளாகப் பதிந்தவளை ஒன்றும் செய்யாது. அந்தச் சந்தில் நுழைந்து தப்பிக்கப் பார்த்தாள். செனட் விடவில்லை. அவளைச் செரிஃபோஸ் தீவுக்கு நாடு கடத்தியது. உயர்குடிப் பேத்தியோ மகளோ மனைவியோ இனி இப்படிப் பதியக் கூடாது என்று தடையும் போட்டது.

இதை எழுதிவைத்த வரலாற்றாசிரியர் டாசிடஸ், அவள் செய்த பதிவை ‘புரொஃபெஸியோ’ என்கிறார். ‘புரொஃபெஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பாட்டி அதுதான். ‘ப்ரோ’ என்றால் முன்னால், ‘ஃபடேரி’ என்றால் ஒப்புக்கொள்வது. பிள்ளை பிறந்ததைப் பதிந்தாலும் சொத்துக்கணக்குக் கொடுத்தாலும் ரோமானியர்களுக்கு அது புரொஃபெஸியோ. சொன்னவர் நெஞ்சில் என்ன இருந்தது என்பது ஏட்டில் ஏறாது. விஸ்டீலியாவின் கெட்டிக்காரத்தனமே அதை நம்பித்தான்.

ஏட்டிலிருந்து சொல் மடத்துக்குப் போயிற்று. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த விதிப்படி, துறவியாகச் சேர வருபவன் எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்து, தன் கைப்பட எழுதிய பத்திரத்தைப் பலிபீடத்தின்மேல் வைக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் வேறொருவரை எழுதச் சொல்லி, தான் ஒரு குறி போட்டுவிட்டு, அதையும் தன் கையாலேயே வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்குள் சொல் நுழைந்தது இந்த மடத்து வாசல் வழியாகத்தான். முதலில் ‘புரொஃபெஷன்’ என்றால் துறவற வாக்கு. அப்புறம் பிழைப்பு வந்து சேர்ந்தது. இன்ன கல்வி எனக்குக் கைவந்தது என்று பலரறியச் சொல்பவர் புரொஃபசர் ஆனார். சட்டமும் மருத்துவமும் புரொஃபெஷன் ஆயின. எட்டாம் ஹென்றி 1540-களில் கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் அரசர் பெயரால் பேராசிரியர் இருக்கைகளையே ஏற்படுத்திவிட்டார்.

ஆளாளுக்குச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தால் கேட்பவனுக்குச் சந்தேகம் வராதா? ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ முதல் காட்சியில், வாய் நிறையப் பாசம் பேசி ராஜ்யத்தை வாங்கிக்கொண்ட அக்காமாரிடம் தகப்பனை விட்டுப் போகிறாள் கார்டீலியா. அவர்களுடைய நெஞ்சத்துக்கு அவள் தரும் அடைமொழி ‘புரொஃபெஸ்டு’. அன்றிலிருந்து இந்தச் சொல் இரட்டை நாக்குடன்தான் புழங்குகிறது. ஆங்கிலப் பத்திரிகை ஒரு தலைவரைப் ‘புரொஃபெஸ்டு’ சோஷலிஸ்ட் என்று எழுதினால், அது ஒளிவுமறைவில்லாத கொள்கைக்காரர் என்றும் இருக்கலாம், வாய்ப்பந்தல்காரர் என்றும் இருக்கலாம். அடுத்த வரியில் அவருடைய மாளிகை வந்தால் எதுவென்று புரிந்துவிடும்.

இந்தியாவுக்கு வந்தபோது இந்தக் கிண்டல் உதிர்ந்து, பழைய ரோமானிய மிடுக்கு திரும்பியது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்திலும், பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் கூறிலும், மதத்தைத் தடையின்றிப் ‘புரொஃபெஸ்’ செய்யும் உரிமை இருக்கிறது. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் சண்டை நடந்தது பெரும்பாலும் பரப்பும் உரிமை பற்றி. புரொஃபெஸ் தன் வேலையைக் காட்டியது வேறோர் இடத்தில். ‘இந்து மதம் அல்லாத மதத்தைப் புரொஃபெஸ் செய்யும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார்’ என்பது 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் சாரம். பின்னர் 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விலக்குக் கிடைத்தது.

நாக்பூர் தனித்தொகுதியில் 1962-இல் வென்ற மேஷ்ராம், ஐந்தாண்டுக்கு முன்பு பொதுக்கூட்டத்தில் பௌத்தம் தழுவியவர் என்று வழக்கு. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வெப்ஸ்டர் அகராதியைப் புரட்டினார்கள். பலரறிய அறிவிப்பது என்று பொருள் போட்டிருந்தது. துறவு சபையில் சேர்த்துக்கொள்வது என்ற பழைய மடத்துப் பொருளும் கூடவே இருந்தது. மேஷ்ராம் பலரறிய அறிவித்தது உறுதியானதால் அவருடைய வெற்றி செல்லாது என்றார்கள்.

கோலார் தங்கவயலில் கதை இன்னும் சிக்கல். 1949-இல் கிறிஸ்தவராகிப் பின் திரும்பிய எஸ். ராஜகோபால் 1967-இல் அங்கே தனித்தொகுதியில் வென்றார். அவர் இந்து மதத்தைப் புரொஃபெஸ் செய்வதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஆதிதிராவிடர் சாதிக்குள் மறுபடி சேர்ந்ததற்குச் சான்று இல்லை என்று தேர்தலை ரத்து செய்தது. 1972-இல் மறுபடி வென்றார், மறுபடி வழக்கு. இம்முறை சாதியார் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று தீர்ப்பு. மதத்துக்கு வாய் போதும், சாதிக்கு ஊர் தலையாட்ட வேண்டும் என்று இதைப் படிக்கிறேன்.

எனக்கு இவற்றைவிட உறைப்பது சென்னை வழக்கு. காந்தி-இர்வின் பாலத்துச் சாலைச் சந்திப்பில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார் ஒரு தொழிலாளி. பிறப்பால் ஆதிதிராவிடர், மதத்தால் கிறிஸ்தவர். 1982-இல், சாலையோரம் செருப்புத் தைப்பதையே ‘புரொஃபெஷனாக’க் கொண்டவர்களுக்கு இலவச பங்க் கடை கொடுக்கும் திட்டம் வந்தது. இந்துக்களுக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. புரொஃபெஷன் இவர் பக்கம் நின்றது, புரொஃபெஸ் எதிர்ப்பக்கம் நின்றது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே அளவுக்குத் தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி, 1985-இல் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. மழையிலும் வெயிலிலும் ரோட்டில் உட்கார்ந்திருந்தவரிடம் வேறென்ன ஆதாரம் கேட்டார்கள் என்று தெரியவில்லை. சீக்கியருக்கும் பௌத்தருக்கும் கிடைத்த அந்த விலக்கைப் பிற மதங்களுக்கு மாறியவர்களுக்கும் நீட்டலாமா என்று ஆராய, 2022-இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையத்தை நியமித்தது.